சூரியனின் பெயரை இடாப்பில் எழுதிய பெண்கள்

எமது கல்லூரி மருதனார்மடத்தில் உதயமான 1913 ஆம் ஆண்டிலே, ஜேர்மனி நாட்டின் பொன் என்னும் நகரில் வானியலாளரின் மகாநாடு ஒன்று கூடியது. சூரிய ஆராய்ச்சிக்கான சர்வதேச ஒன்றியம் நடத்திய மகாநாடு அது. விண்மீன்களை எவ்வாறு வகைப்படுத்துவது என்பதைத் தீர்மானிக்க அங்கே ஒரு குழு அமர்ந்தது. நீண்ட மேசையைச் சுற்றிப் பல தேசத்து அறிஞர்கள். அவர்கள் நடுவே ஒரேயொரு பெண். அவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் அவதான நிலையத்திலிருந்து வந்த அனி ஜம்ப் கனன் அம்மையார். செவிப்புலன் பெரிதும் குறைந்தவர். ஆயினும் அன்று மேசையில் அதிகம் பேசியவர் அவர்தான். அந்தத் துறையில் உலகம் செய்திருந்த வேலையின் பெரும் பகுதியை அவரே செய்திருந்தமையால் வேறு வழியிருக்கவில்லை என்று பின்னர் அவரே எழுதினார்.

அந்த மகாநாடு கனன் அம்மையாரின் ஒழுங்கை ஏற்றுக்கொண்டது. 1922 இல் உரோமாபுரியிற் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் அதனை நிரந்தரமாக்கியது. இன்றுவரை சூரியனும் சூரியனை ஒத்த மஞ்சள் விண்மீன்களும் அவர் கொடுத்த எழுத்தினாலேயே அழைக்கப்படுகின்றன.

சைவப் பெண்பிள்ளைகள் தம் சமயத்தையும் மொழியையும் விடாது உயர்கல்வி பெறவேண்டும் என்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் இங்கே கல்லூரி நிறுவியதற்கும் பொன் நகர மகாநாட்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் இரண்டும் ஒரே காலத்தின் பிள்ளைகள். பெண்ணுக்கு எவ்வளவு படிப்பு வேண்டும், படித்தபின் அவள் என்ன செய்வாள் என்ற கேள்வி யாழ்ப்பாணத்திலும் கேட்கப்பட்டது; அமெரிக்காவிலும் கேட்கப்பட்டது. விண்மீன் வகைப்பாட்டின் வரலாறு அக்கேள்விக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று. ஆதலால் இந்த நூற்றாண்டு மலரில் அதற்கு ஓர் இடம் தகும்.

நிறமும் ஒளியும்

இரவில் நிமிர்ந்து பார்ப்பவர் எவருக்கும் விண்மீன்கள் ஒரே நிறமல்ல என்பது தெரியும். தாமே ஒளிர்பவற்றை நாண்மீன் என்றும், இடம் பெயர்பவற்றைக் கோண்மீன் என்றும் பிரித்த நம் முன்னோர், கோள்கள் இரண்டுக்கு நிறத்தையே பெயராக்கினர்: செவ்வாய், வெள்ளி. திருவாதிரை சிவந்தது, சித்திரை நீலங்கலந்த வெண்மை, ரோகிணி செம்மஞ்சள். கண் இவ்வளவு சொல்லும். அந்த நிறம் ஏன் வந்தது என்பதைக் கண் சொல்லாது.

அதைச் சொன்னது அரியம். 1814 இல் ஜேர்மனியரான பிரவுன்ஹோபர் சூரிய ஒளியை அரியத்தினூடே செலுத்திப் பார்த்தபோது, வானவில்லின் நிறங்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான கருங்கோடுகளைக் கண்டார். 1859 இல் கேர்ச்சோவும் புன்சனும் அக்கோடுகளின் பொருளை அறிந்தனர். ஒவ்வொரு மூலகமும் தனக்கென ஒரு தொகுதிக் கோடுகளை உடையது. மஞ்சட் பகுதியிலுள்ள இரட்டைக் கோடு சோடியத்தினது; ஊதாப் பகுதியிலுள்ள தடித்த இரு கோடுகள் கல்சியத்தினவை. எவரும் போய்த் தொட முடியாத சூரியனில் என்ன இருக்கிறது என்பதை இங்கிருந்தே படிக்கலாம் என்றாயிற்று.

இதன் ஓர் அத்தியாயம் நமக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. 1868 ஆகஸ்ட் 18 ஆந் திகதி முழுச் சூரிய கிரகணம் அன்றைய சென்னை மாகாணத்தைக் கடந்து சென்றது. குண்டூரில் பிரான்சு நாட்டு ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை அவதான நிலையத்தின் வானியலாளர் நோர்மன் பொக்சனும் காத்திருந்தனர். சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியில், சோடியக் கோட்டுக்கு அருகே, ஆனால் அதனோடு பொருந்தாத ஒரு மஞ்சட் கோடு தெரிந்தது. அதற்குரிய மூலகம் பூமியில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதற்கு இங்கிலாந்து அறிஞர் லொக்கியர் சூரியனின் கிரேக்கப் பெயரையொட்டி ஈலியம் என்று பெயரிட்டார். பூமியில் அது 1895 இலேதான் அகப்பட்டது.

கண்ணாடித் தட்டுகளும் கணிப்பாளரும்

சூரியனின் நிறமாலையைப் படித்தவர்கள் அடுத்து விண்மீன்களின் நிறமாலையைப் படிக்க விரும்பினர். உரோமாபுரியில் இயேசு சபைத் துறவி அஞ்சலோ செக்கி 1860களில் விண்மீன்களைச் சில வகைகளாகப் பிரித்தார். அவற்றுள் இரண்டாம் வகை சூரியனை ஒத்த மஞ்சள் விண்மீன்கள். ஆனால் அவர் கண்ணாற் பார்த்துக் கையால் வரைந்தவர். ஆயிரக்கணக்கானவற்றை ஒப்பிடப் புகைப்படம் வேண்டும். 1872 இல் ஹென்றி டிறேப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு விண்மீனின் நிறமாலையைப் புகைப்படமாக்கினார். அவர் 1882 இல் இறந்தபின், அவரது மனைவி அனா டிறேப்பர் அம்மையார் கணவரின் நினைவாக ஹார்வர்ட் அவதான நிலையத்துக்குப் பெரும்பணம் கொடுத்தார். பணிப்பாளர் பிக்கரிங் வேலையைத் தொடங்கினார்.

இரவிலே தொலைகாட்டியருகே நின்று படமெடுப்பது ஆண்களின் வேலை. பகலிலே அந்தக் கண்ணாடித் தட்டுகளை உருப்பெருக்கியால் நோக்கி, ஒவ்வொரு கோட்டையும் அளந்து, கணக்கிட்டு எழுதுவது பெண்களின் வேலை. அவர்களைக் கணிப்பாளர் என்றனர். மணிக்கு 25 சதம் அளவிலே சம்பளம். பொறுமையும் நேர்த்தியும் வேண்டிய எழுதுவினைஞர் வேலைதானே, பெண்கள் செய்யட்டும் என்ற எண்ணமே அதன் பின்னால் இருந்தது. ஆனால் அந்த எழுதுவினைஞர் வேலைக்குள்ளேதான் அறிவு இருந்தது.

முதலாமவர் வில்லியமினா பிளெமிங். ஸ்கொத்லாந்திலிருந்து வந்து, கணவன் கைவிட்ட நிலையில், கர்ப்பிணியாக, பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தவர். 1881 இல் அவதான நிலையத்தில் நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டார். 1890 இல் வெளிவந்த முதலாவது டிறேப்பர் அட்டவணையில் 10,000 இற்கு மேற்பட்ட விண்மீன்களை ஆங்கில அரிச்சுவடி எழுத்துக்களால் வகைப்படுத்தியவர் அவரே. ஐதரசன் கோடுகள் மிகத் தடித்தவை ஏ. அதனிலும் சற்றுக் குறைந்தவை பீ. இப்படியே சென்றது அந்த ஒழுங்கு. 1900 ஆம் ஆண்டு நாட்குறிப்பில், தமக்கு ஆண்டுக்கு 1,500 டொலரும் சில ஆண்களுக்கு 2,500 டொலரும் கிடைப்பதைக் குறித்து, தமக்கும் காப்பாற்ற ஒரு குடும்பம் உண்டென்பதை எவரும் எண்ணுவதில்லையே என்று அவர் மனம் நொந்தார்.

இரண்டாமவர் அன்ரோனியா மோறி. ஹென்றி டிறேப்பரின் மருமகள், பட்டதாரி. அவர் விரைவை விட நுணுக்கத்தை விரும்பினார். ஒரே நிறமுள்ள விண்மீன்களுள்ளும் சிலவற்றின் கோடுகள் மெலிந்து கூராயிருப்பதைக் கண்டு, அவற்றுக்குத் தனிக் குறியிட்டார். 681 விண்மீன்கள் கொண்ட அவரது அட்டவணை 1897 இல் வந்தபோது அந்தக் குறியைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1905 அளவில் டென்மார்க்கின் ஹேர்ட்ஸ்பிறங் அதன் பெறுமதியை உணர்ந்தார்: மெலிந்த கோடுகள் உள்ளவை இராட்சத விண்மீன்கள்.

மூன்றாமவரே அனி கனன். 1901 இல் அவர் பிளெமிங் அம்மையாரின் எழுத்துக்களில் தேவையற்றவற்றை நீக்கி, எஞ்சியவற்றை வரிசை மாற்றினார். நிறமாலை படிப்படியாக மாறிச் செல்லும் ஒழுங்கே அவருக்கு முக்கியம். அரிச்சுவடியின் ஒழுங்கு முக்கியமல்ல. அதனாலேதான் அந்த வரிசை ஓ, பீ, ஏ, எஃப், ஜீ, கே, எம் என்று முன்பின்னாக நிற்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் 0 முதல் 9 வரை பத்தாகப் பிரித்தார். சூரியனுக்கு ஜீ என்ற எழுத்து வாய்த்தது. பின்னர் அது நுணுக்கமாக ஜீ2 ஆயிற்று: எஃப் முடிந்து ஜீ தொடங்கிய சற்றுப் பின்னே சூரியன் நிற்கிறது என்பது இதன் கருத்து.

1911 இல் பெரும்பணி தொடங்கியது. கனன் அம்மையார் தட்டைப் பார்த்து எழுத்தையும் இலக்கத்தையும் சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்த ஒரு பெண் இடாப்பில் எழுதிக்கொண்டே வந்தார். வகுப்பாசிரியை பெயர் கூப்பிட்டு வரவு பதிவதுபோன்ற வேலை. ஆனால் இங்கே ஒரு நிமிடத்துக்கு மூன்று விண்மீன்கள் வரை பதியப்பட்டன. 1915 இல் முடிந்த அந்த வேலை, 1918 முதல் 1924 வரை ஒன்பது தொகுதிகளாக அச்சேறியது. அதில் 225,300 விண்மீன்கள் உண்டு. வாழ்நாள் முழுவதிலும் அவர் வகைப்படுத்தியவை ஏறத்தாழ 350,000. அட்டவணையின் பெயரோ ஹென்றி டிறேப்பர் அட்டவணை. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் 1925 இலேயே அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் முறையான நியமனம் கொடுத்தது 1938 இல். அப்போது அவருக்கு வயது 74.

நம் நட்சத்திரங்களால் ஒரு வாய்பாடு

இந்த ஏழு எழுத்துக்களை மனனஞ் செய்ய மேல்நாட்டு மாணவர் ஓர் ஆங்கில வாக்கியம் வைத்திருந்தனர். அது ஒரு பெண்ணைப் பார்த்து முத்தம் கேட்பதாக அமைந்தது. ஒரு பெண் வகுத்த வரிசையை இப்படியா நினைவிற் கொள்வது? நமக்கு அது வேண்டியதில்லை. பஞ்சாங்கத்தில் நாம் நாள்தோறும் காணும் பெயர்களே போதும்.

ஓ வகைக்கு மிருகசீரிடம். 30,000 பாகை கெல்வினுக்கு மேற்பட்ட வெப்பநிலை, நீல நிறம். பீ வகைக்குச் சித்திரை, நீலங்கலந்த வெண்மை. ஏ வகைக்குத் திருவோணம், வெண்மை. எஃப் வகைக்குக் கனன் அம்மையாரின் அட்டவணைப்படி அகத்திய நட்சத்திரம். மஞ்சள் தோய்ந்த வெண்மை. ஜீ வகைக்கு நம் சூரியன். ஏறத்தாழ 5,200 முதல் 6,000 பாகை வரை. கே வகைக்கு ரோகிணியும் சுவாதியும், செம்மஞ்சள். எம் வகைக்குத் திருவாதிரையும் கேட்டையும். 3,700 பாகைக்குக் குறைந்த செம்மை. கொல்லன் உலையில் இரும்பு முதலிற் சிவந்து, பின் மஞ்சளாகி, கடைசியில் வெள்ளையாகக் காய்வதை நினைத்தால் வரிசை தானே விளங்கும். சிவப்பே இங்கு குளிர்ச்சி.

மஞ்சள் என்றாலும், உண்மையிற் சூரியன் வெள்ளை. வளிமண்டலத்துக்கு வெளியே சென்று பார்த்தவர்களுக்கு அது வெள்ளையாகவே தெரிகிறது. நம் காற்று நீலத்தைச் சிதறடிப்பதால் நாம் அதனை மஞ்சளாகக் காண்கிறோம். நீல விண்மீன்களோடு ஒப்பிட்டு ஜீ வகையை மஞ்சள் என்பது வானியலாளரின் வழக்கு.

கோடுகளின் காரணம்

கனன் அம்மையாரின் ஒழுங்கு சரியாக இருந்தது. ஏன் சரி என்பது அவருக்கும் தெரியாது. சூரியனின் நிறமாலையில் ஐதரசன் கோடுகள் மெலிந்தும், கல்சியம், இரும்பு ஆகியவற்றின் கோடுகள் தடித்தும் இருப்பானேன்? சூரியன் பூமியைப்போல இரும்பாலும் கல்சியத்தாலும் ஆனது என்றே பலரும் எண்ணினர்.

1920 இல் கல்கத்தாவிலிருந்த மேகநாத் சாகா விடையின் முதற் பாதியைத் தந்தார். டாக்காவுக்கு அருகே ஒரு சிறிய கடைக்காரர் வீட்டிற் பிறந்தவர் அவர். வெப்பநிலை ஏற ஏற அணுக்கள் இலத்திரன்களை இழந்து அயன்களாகின்றன. எந்த வெப்பநிலையில் எந்த மூலகத்தின் கோடு தெரியும் என்பதை அதனாற் கணிக்கலாம் என்று அவர் காட்டினார். ஆகவே ஓ முதல் எம் வரையான வரிசை வெப்பநிலையின் வரிசை. பொருட்களின் வேறுபாடு அல்ல.

மறு பாதியைத் தந்தவர் செசிலியா பெய்ன். கேம்பிரிஜ்ஜிற் படித்தும், அக்காலத்தில் அங்கு பெண்களுக்குப் பட்டம் கொடுக்காத வழக்கத்தால், 1923 இல் ஹார்வர்ட் சென்றவர். கனன் அம்மையாரின் தட்டுகளையும் சாகாவின் சமன்பாட்டையும் இணைத்துக் கணித்தபோது, விண்மீன்களில் ஐதரசனே மற்றெல்லாவற்றிலும் பன்மடங்கு மிகுந்திருப்பதாக விடை வந்தது. 1925 இல், 25 வயதில், அதைத் தம் கலாநிதிப் பட்ட ஆய்வில் எழுதினார். வானியலின் பெரியவரான ஹென்றி நொரிஸ் ரசல் அது நடக்கமுடியாதது என்றார். பட்டமும் எதிர்காலமும் அவர் வார்த்தையில் இருந்தன. அந்த மாணவி, இவ்விடை பெரும்பாலும் உண்மையாக இருக்க முடியாது என்று தம் ஆய்விலேயே ஒரு வரி சேர்த்தார். நான்கு ஆண்டுகளின் பின், 1929 இல், ரசல் வேறு வழியால் அதே முடிவுக்கு வந்து, பெய்னின் விடை சரியென ஒப்புக்கொண்டார். சூரியன் பெரும்பாலும் ஐதரசனும் ஈலியமும் என்பதை இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். கண்டவளே தன் கண்டுபிடிப்பை மறுத்தெழுத நேர்ந்ததை அறிந்தோர் சிலரே.

ஒரே எழுத்து, இரு வேறு உருவம்

ஜீ என்ற எழுத்து மட்டும் ஒரு விண்மீனை முழுதாகக் காட்டாது. வட வானில் பிரமஹிருதயம் என்று நம் பழைய நூல்கள் அழைக்கும் கப்பெல்லாவும் ஜீ நிறத்ததே. ஆனால் அது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு இராட்சத விண்மீன்கள்; ஒவ்வொன்றும் சூரியனிலும் பல பத்து மடங்கு ஒளியுடையது. அன்ரோனியா மோறி கண்ட மெல்லிய கோடுகளின் வேறுபாடு இதுவே. 1943 இல் மோர்கன், கீனன் ஆகியோர், ஈடித் கெல்மன் என்ற பெண்மணியோடு சேர்ந்து, எழுத்தோடு ஓர் உரோம இலக்கத்தையும் சேர்த்தனர். ஒன்று அதி இராட்சதம், மூன்று இராட்சதம், ஐந்து சாதாரண விண்மீன். அன்றுமுதல் சூரியனின் முழுப்பெயர் ஜீ2-ஐந்து.

இங்கே நம் பக்கத்தவர் ஒருவரும் நினைக்கத்தக்கவர். 1927 இற் சென்னையிற் பிறந்த வைணு பாப்பு, ஒலின் வில்சனோடு சேர்ந்து 1957 இல் ஓர் உண்மையை வெளியிட்டார். ஜீ, கே, எம் வகை விண்மீன்களில் கல்சியக் கோட்டின் நடுவே தெரியும் ஒளிக்கீற்றின் அகலத்தை அளந்தால், அந்த விண்மீனின் உண்மையான பிரகாசத்தை அறியலாம். அதிலிருந்து அதன் தூரத்தையும் கணிக்கலாம். வில்சன்-பாப்பு விளைவு என்று உலகம் அதை அழைக்கிறது. கோடைக்கானல் அவதான நிலையத்தை நடத்திய பாப்பு, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஒரு புதிய நிலையத்தை உருவாக்கினார். 1986 இல் அங்கே இயங்கத் தொடங்கிய 2.34 மீற்றர் தொலைகாட்டிக்கு அவர் பெயரே இடப்பட்டது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

யாழ்ப்பாணத்திலும் வானியற் கல்வி புதிதல்ல. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் அது ஒரு பாடம். 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தின்போது பஞ்சாங்கக் கணிப்பும் மேல்நாட்டுக் கணிப்பும் பக்கத்திற் பக்கமாக வைத்துச் சரிபார்க்கப்பட்டன. 1848 இல் ஹொய்சிங்ரன் பாதிரியார் கீழைத்தேய வானியல் பற்றிய பெருநூலை இங்கேயே அச்சிட்டார். ஆனால் அச்செமினரி ஆண்பிள்ளைகளுக்கு உரியது.

அதே நூற்றாண்டில், கடலுக்கு அப்பால், சென்னை அவதான நிலையத்தில் ஒரு பெண் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். நோர்மன் பொக்சனின் மகள் ஐசிஸ் பொக்சன் 1873 முதல் 25 ஆண்டுகள் அங்கே உதவியாளராகப் பணியாற்றினார். 1886 இல் தந்தை அவர் பெயரை இலண்டன் அரச வானியற் கழகத்துக்கு முன்மொழிந்தார். கழகத்தின் சாசனத்தில் அங்கத்தவரை ‘அவன்’ என்றே குறித்திருக்கிறது, ஆதலாற் பெண்ணைச் சேர்க்க முடியாது என்று சட்டத்தரணிகள் சொன்னார்கள். 1920 இலேதான் அவர் அங்கத்தவரானார். இடையில் 34 ஆண்டுகள்.

எந்த ஊரில் இருந்தாலும்

2010 ஆம் ஆண்டு தை அமாவாசையன்று யாழ்ப்பாணத்து வானில் சூரியன் ஏறத்தாழ பத்து நிமிடம் பொன்மோதிரமாக நின்றது. சூரியன் என்ற விண்மீனை நாம் ஊரோடு சேர்ந்து நிமிர்ந்து நோக்கிய நாள் அது. அதன் உறவினரைப் பார்க்கக் கிரகணம் வேண்டியதில்லை.

மருதனார்மடத்தில் நிற்பவர் தை மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் வடக்கே பார்த்தால், திருவாதிரைக்கு வடபுறம் உயரத்தில், கப்பெல்லா மஞ்சளாக ஒளிரும். ஆனி பிறக்கும் வேளையில் அதே நேரம் தெற்கே பார்த்தால், அடிவானத்துக்கு மேலே, கையை நீட்டிப் பிடித்த ஒரு சாண் உயரத்தில், இரண்டு பிரகாசமான விண்மீன்கள் அருகருகே நிற்கும். இடப்புறத்தது அல்பா சென்ரோறி. அதன் பெரிய உறுப்பும் ஜீ2-ஐந்து. நம் சூரியனின் எழுத்து, இலக்கம் எல்லாம் ஒன்றே. தூரம் 4.37 ஒளியாண்டு. விண்ணில் நமக்கு அடுத்த வீடு அதுதான்.

இலண்டனிலுள்ள எம் சகோதரிகளுக்குக் கப்பெல்லா மறைவதேயில்லை. ஆனால் அல்பா சென்ரோறி அங்கே ஒருபோதும் உதிப்பதில்லை. ரொறன்ரோவிலும் அப்படியே. சிட்னியிலுள்ளோருக்கு அல்பா சென்ரோறி மறைவதில்லை. கப்பெல்லா வட அடிவானத்துக்குச் சற்று மேலே தாழ்வாகவே தோன்றி மறையும். இரண்டையும் நன்றாகக் காட்டுவது நாம் படித்த ஊரின் வானம்.

ஒரு பெயரை இடாப்பில் எழுதுவது சிறிய வேலையென்று உலகம் நினைத்தது. அந்தச் சிறிய வேலையிலிருந்தே சூரியன் எதனால் ஆனது, எவ்வளவு வெப்பமானது, எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதெல்லாம் தெரியவந்தது. கனன் அம்மையார் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருந்து எழுதிய பெண்களின் பெயர்கள் அந்த ஒன்பது தொகுதிகளின் அட்டையில் இல்லை. எமது கல்லூரியின் நூறாண்டுக் கதையிலும் அத்தகையோர் பலர் உண்டு: விடுதியைக் காத்தவர்கள், சமைத்தவர்கள், இடம்பெயர்ந்த நாட்களில் பதிவேடுகளைத் தூக்கிச் சென்றவர்கள், மேடைக்கு வராமலே பாடம் சொல்லித் தந்தவர்கள். அவர்களை அறிந்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதிவைப்போம்.